ஆன்டிவைரஸே தொல்லையானால்: மாற்றுவதா, விலக்குக் கொடுப்பதா, நிறுத்துவதா?

கணினியைக் காப்பாற்ற நிறுவிய மென்பொருளே கணினியை முடக்கிவிட்டது என்ற புகார் என் காதுக்கு வராத மாதமில்லை. ஒருவருக்குக் கணக்கு மென்பொருள் திறக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது. இன்னொருவர் எந்த இணையதளத்துக்குப் போனாலும் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை வருகிறது. மூன்றாமவர் பாடுபட்டு எழுதிய நிரல், உருவான அடுத்த நொடியே காணாமல் போகிறது. எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: இதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவதா, சில கோப்புகளை மட்டும் சோதிக்காதே என்று இதற்கே விலக்குக் கொடுத்துச் சமாளிப்பதா, பேசாமல் நிறுத்திவிடுவதா?

அவசரத்தில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. காவலை முழுவதுமாக நிறுத்துகிறார்கள். அல்லது பழையதை எடுக்காமலே புதியதை நிறுவுகிறார்கள். பிறருடைய கணினிகளை ஆண்டுக்கணக்கில் சரிசெய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டும் தொல்லையைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது. இங்கே பேசுவது விண்டோஸ் கணினிகளைப் பற்றி. மேக் கணினிகளில் 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னல் என்ற இயங்குதள அடித்தளத்துக்கு வெளியே நகர்த்தும் வேலையை ஆப்பிள் தொடங்கிவிட்டது. அதனால் அங்கே இந்த வகை மோதல்கள் குறைவு.

## மோதல் நடக்கும் இடம்

ஒரு கோப்பை நீங்கள் திறக்கும்போது அந்தக் கோரிக்கை நேராக வட்டுக்குப் போய்விடுவதில்லை. நடுவில் பாதுகாப்பு மென்பொருளின் வடிகட்டி டிரைவர் நிற்கிறது. கோரிக்கையை மறித்து, கோப்பைத் தான் முதலில் படித்துப் பார்த்து, குற்றமில்லை என்று கண்டால்தான் வழிவிடும். அந்த டிரைவர் இயங்குவது கெர்னல் என்ற அடித்தளத்தில். சாதாரண நிரலில் பிழை நேர்ந்தால் அந்த நிரல் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் நேர்ந்தால் இயங்குதளமே நின்று நீலத் திரை காட்டும்.

2024 ஜூலை 19 அன்று உலகமே இதைப் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஃபால்கன் மென்பொருளுக்கு வந்த ஓர் அப்டேட் கோப்பில் பிழை இருந்தது. அதைப் படித்த டிரைவர் நிலைகுலைந்து, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. பிழையான கோப்பு வெளியில் இருந்தது 78 நிமிடங்கள்தான். ஆனால் விழுந்த கணினிகளில் மிகப் பல தாமாக எழவில்லை. ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வட்டு, விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதற்கும் முன்னால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். சாவியை எங்கே எழுதிவைத்தோம் என்று தெரியாதவர்கள்தான் அன்று அதிகம் தவித்தார்கள்.

இரண்டாவது வகைத் தொல்லை, நல்லதை வைரஸ் என்று பிடிப்பது. 2010 ஏப்ரல் 21 அன்று வெளியான மெக்காஃபியின் 5958-ஆம் எண் அடையாளத் தொகுப்பு (வைரஸ்களை இனங்காண உதவும் பட்டியல்), விண்டோஸ் எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் என்ற உயிர்நாடிக் கோப்பையே வைரஸ் என்று தூக்கியது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகின, நெட்வொர்க்கும் போனது. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன்னுடைய சொந்த அப்டேட் கருவியையே பிடித்தது. திருத்தம் வந்துசேர வேண்டிய வழியே அதனால் அடைபட்டது.

மூன்றாவது வகை அவ்வளவாக வெளியே தெரியாதது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற சிபியு குறைபாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டபோது, கெர்னல் நினைவகத்தை அனுமதியில்லாத முறையில் தொட்டுக்கொண்டிருந்த சில ஆன்டிவைரஸ்கள் அதனோடு மோதி நீலத் திரையை வரவழைத்தன. அதனால் ஒரு நிபந்தனை வந்தது: ஆன்டிவைரஸ் "நான் ஒத்துப்போவேன்" என்று விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஒரு குறி இட்டால்தான் அந்தக் கணினிக்குத் திருத்தம் வரும். குறி இடாத மென்பொருளை வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸின் பாதுகாப்புத் திருத்தங்களே நின்றுபோயின.

## எதை வைத்து எடைபோடுவது

விளம்பரங்களில் வரும் "100 சதவீதம் கண்டுபிடித்தது" என்ற வரியை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கிறேன்.

காவல் இல்லாத நேரம் எவ்வளவு? லைசென்ஸ் முடிந்த நாள், மாற்றும் நாள், "கொஞ்ச நேரம் நிறுத்திவைப்போம்" என்று நிறுத்திய நாள் எல்லாம் இதில் சேரும்.

எவ்வளவு ஆழமாக இறங்குகிறது? கெர்னல் டிரைவர் எல்லாவற்றிலும் உண்டு. அதற்கு மேல் பிரவுசருக்குள் நுழைகிறதா, மறையாக்கம் செய்யப்பட்ட இணையப் போக்குவரத்தைத் திறந்து பார்க்கிறதா, விண்டோஸ் ஃபயர்வாலை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைக்கிறதா என்று பாருங்கள். ஆழம் கூடக் கூட மோதும் இடங்களும் கூடும்.

உங்கள் வேலையில் எவ்வளவு தாமதம்? படம் பார்ப்பவருக்கும் மின்னஞ்சல் எழுதுபவருக்கும் எந்த ஆன்டிவைரஸும் பெரிய சுமையில்லை. பல்லாயிரம் சிறு கோப்புகளைத் தொடும் வேலைதான் அடிவாங்கும்: நிரல் தொகுத்தல் (எழுதிய நிரலை இயங்கு கோப்பாக மாற்றுவது), புகைப்படத் தொகுப்புகளை நகலெடுத்தல், தரவுத்தளம். ஒரே அளவு தரவு ஒரே பெரிய கோப்பாக இருந்தால் ஒரு சோதனை. அதுவே ஐம்பதாயிரம் துண்டுகளாக இருந்தால் ஐம்பதாயிரம் சோதனைகள்.

தவறாகப் பிடித்ததை மீட்க முடியுமா? குவாரண்டைன் என்ற தனி அடைப்பில் போட்டுவைத்து நம்மைக் கேட்கிறதா, சத்தமில்லாமல் அழிக்கிறதா?

வெளியேறும் வழி சுத்தமாக இருக்கிறதா? நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. வாங்குகிறபோது யாரும் இதைக் கேட்பதில்லை.

பணத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. அது சந்தாக் கட்டணத்தில் மட்டும் இல்லை, கீழே ஆங்காங்கே தலைகாட்டும்.

## தேர்வுக்கு முன் ஒரு சோதனை

உறவினர் ஒருவரின் மடிக்கணினியை ஒருமுறை பார்க்க நேர்ந்தது. எந்த ஆவணத்தைத் திறந்தாலும் அரை நிமிடம் மணற்கடிகாரம் சுற்றும். "போன மாதம்தான் நல்ல ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டேன், அப்படியும் சரியாகவில்லை" என்றார். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஃப், எல், டி, எம், சி (fltmc) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினேன். கணினியில் ஓடும் வடிகட்டி டிரைவர்கள் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும் கட்டளை அது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். அடுக்கில் எந்த உயரத்தில் அது உட்கார்ந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் எண். ஆன்டிவைரஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியிருப்பது 3,20,000 முதல் 3,29,999 வரை. அந்தப் பட்டியலில் இந்த எல்லைக்குள் ஒரு நிறுவனத்தின் டிரைவர் இருக்கும் என்று நினைத்தேன். மூன்று நிறுவனங்களுடையது இருந்தது. ஒன்று புதிதாக வாங்கியது. ஒன்று கணினியோடு வந்த இலவசச் சோதனைப் பதிப்பு. மூன்றாவது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நீக்கிவிட்டதாக அவர் உறுதியாக நம்பிய மென்பொருள்.

ஒரு ஆவணத்தை அவர் திறந்தால் மூன்று காவலர்களும் ஒருவர் பின் ஒருவராக அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக எதையும் வாங்காமல், தேவையில்லாத இரண்டையும் அந்தந்த நிறுவனத்தின் நீக்குக் கருவியால் களைந்ததும் அரை நிமிடம் இரண்டு நொடியானது.

அதனால் முதலில் இந்தப் பட்டியலைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியுவையும் வட்டையும் பிடித்துவைத்திருப்பது யார் என்றும் பாருங்கள். விண்டோஸோடு வரும் டிஃபென்டர் என்றால் அது "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்" என்ற பெயரில் தெரியும். வட்டே பழுதாகியிருக்கும் கணினியில் ஆன்டிவைரஸைக் குறைசொல்லி மூன்று முறை மாற்றியவர்களையும் எனக்குத் தெரியும்.

## வழி 1: விண்டோஸோடு வரும் டிஃபென்டர் மட்டும்

விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து முழுமையான ஆன்டிவைரஸாக உள்ளேயே இருக்கிறது. ஆழம் என்ற அளவுகோலில் இதற்கு ஒரு இயற்கையான சாதகம் உண்டு. இயங்குதளத்தையும் ஆன்டிவைரஸையும் ஒரே நிறுவனம் எழுதுவதால், விண்டோஸ் அப்டேட்டுக்கும் இதற்கும் தகராறு அரிது. பிரவுசரின் மறையாக்கப் போக்குவரத்தை இடைமறிக்க இது தன்னுடைய சான்றிதழை நுழைப்பதில்லை. சந்தா இல்லாததால் லைசென்ஸ் முடியும் நாள் என்ற ஒன்றும் இல்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. சிறு கோப்புகள் நிறைந்த வேலையில் இது மெதுவானதுதான். இதன் முழுப் பலம் இணைய இணைப்பு இருக்கும்போதுதான் வெளிப்படும். சந்தேகமான கோப்பைப் பற்றி மேகச் சேவையைக் கேட்டு முடிவெடுக்கும் முறை அது. மாதக்கணக்கில் இணைப்பில்லாமல் இருந்து பென்டிரைவில் மட்டும் கோப்பு வாங்கும் கணினிக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். தவறாகப் பிடிப்பதிலும் இதற்கு விலக்கில்லை: 2022 செப்டம்பரில் குரோம் போன்ற பிரபல மென்பொருள்களையே ஆபத்து என்று எச்சரித்தது. 2023 ஜனவரி 13 அன்று, அலுவலகங்கள் இயக்கிவைத்திருந்த ஒரு பாதுகாப்பு விதியில் நேர்ந்த பிழையால் ஸ்டார்ட் மெனுவிலும் டாஸ்க்பாரிலும் இருந்த குறுக்குவழிகள் அழிந்துபோயின.

மறைந்திருக்கும் ஒரு செலவு: 2017-ல் விண்டோஸ் 10-ல் வந்த "கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல்" என்ற வசதி. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்கு எதிராக நல்ல அரண். அதை இயக்கினால் அறிமுகமில்லாத நிரல்கள் ஆவணக் கோப்புறையில் எழுத முடியாது. ஆனால் தடுக்கப்பட்ட நிரல் தெளிவாகச் சொல்லாது. "கோப்பைக் காணவில்லை" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லும். இயக்கியது நினைவில்லாவிட்டால் நாள்கணக்கில் தேட நேரிடும்.

வீட்டுக் கணினி, மாணவர், சிறு அலுவலகம், எப்போதும் இணைப்பில் இருக்கும் மடிக்கணினி ஆகியவற்றுக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து.

## வழி 2: வெளி நிறுவனத்தின் முழுத் தொகுப்பு

நல்ல தொகுப்புகள் உண்மையில் நன்றாகவே வேலை செய்கின்றன. குடும்பத்தின் ஐந்தாறு கருவிகளை ஓரிடத்திலிருந்து கவனிக்க வேண்டும், பிள்ளைகளின் பயன்பாட்டை வரையறுக்க வேண்டும், சிக்கல் வந்தால் போனில் கேட்க ஒரு மனிதர் வேண்டும் என்பவர்களுக்கு இதில் பொருளுண்டு. இணைப்பு அரிதான கணினிக்கும் அப்படியே. இதை நிறுவினால் வீட்டுக் கணினிகளில் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும்; இதன் பாதுகாப்பு காலாவதியானால் டிஃபென்டர் தானாக எழுந்துகொள்ளும். சர்வர் பதிப்புகளில் மட்டும் இந்த ஒதுங்கல் தானாக நடக்காது, கையால் செய்ய வேண்டும். அலுவலக சர்வர் திணறுவதற்கு இதை ஒரு காரணமாகப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மோதல்கள் பெரும்பாலும் வைரஸ் பிடிக்கும் பகுதியிலிருந்து வருவதில்லை. தொகுப்பில் கூடவே வரும் உபரிகளிலிருந்து வருகின்றன. முக்கியமானது மறையாக்கப் போக்குவரத்துச் சோதனை. இணையதளம் தன் அடையாளத்துக்குத் தரும் சான்றிதழுக்குப் பதிலாக ஆன்டிவைரஸ் தான் உருவாக்கிய சான்றிதழைப் பிரவுசருக்குக் காட்டுகிறது. அந்தச் சான்றிதழைப் பிரவுசர் நம்பினால்தான் வண்டி ஓடும். ஃபயர்பாக்ஸ் தனக்கென்று தனிச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருப்பதால் அங்கே இது அடிக்கடி முறியும்: 2019 தொடக்கத்தில் ஃபயர்பாக்ஸ் 65 வெளியானபோது சில ஆன்டிவைரஸ்களோடு மோதி எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காமல் போனது; மொசில்லா அந்த அப்டேட்டை விண்டோஸில் நிறுத்திவைத்தது. எல்லாத் தளத்திலும் ஒரே நேரத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், தளங்களைச் சந்தேகிப்பதற்கு முன் ஆன்டிவைரஸின் அமைப்பில் இந்தச் சோதனையை நிறுத்திப் பாருங்கள். நான் இதை நிறுத்திவைப்பதையே விரும்புகிறேன். கோப்பு வட்டில் இறங்கும்போது எப்படியும் சோதிக்கப்படும்.

பிரவுசருக்குள் நிரல் துண்டுகளை நுழைப்பது அடுத்தது. அப்படி நுழைக்கும் மென்பொருள் உள்ள கணினிகளில் குரோம் முறிந்து மூடும் வாய்ப்பு 15 சதவீதம் கூடுதல் என்று கூகுள் 2017-ல் சொன்னது. 2018-லிருந்து குரோம் அத்தகைய நுழைவைத் தடுக்கத் தொடங்கியது. சில தொகுப்புகள், ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட உதவும் சிபியுவின் மெய்நிகராக்க வசதியைத் தாமே எடுத்துக்கொள்ளும். மெய்நிகர் கணினி ஓட்டுபவர்களுக்கு அது தலைவலி. தொகுப்போடு வரும் ஃபயர்வால், வேலை செய்துகொண்டிருந்த பிரிண்டரையும் கோப்புப் பகிர்வையும் மறைத்துவிடும்.

இனி மறைமுகச் செலவுகள். அவாஸ்ட் தன் பயனாளர்களின் இணைய உலாவல் தரவை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020-ல் அம்பலமானது. அந்தத் துணை நிறுவனம் மூடப்பட்டது. அமெரிக்க வணிக ஆணையம் 2024-ல் 1.65 கோடி டாலர் செலுத்த வைத்தது. நார்ட்டன் 2021-ல் தன் தொகுப்புக்குள்ளேயே ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும் வசதியைச் சேர்த்து, கிடைப்பதில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டது. 2024-ல் அமெரிக்க அரசு காஸ்பர்ஸ்கியைத் தடைசெய்தபோது, அங்கே பலருடைய கணினிகளில் காஸ்பர்ஸ்கி போய் அல்ட்ராஏவி என்ற வேறொரு மென்பொருள் தானாக உட்கார்ந்திருந்தது. கணினியின் அடித்தளத்துக்கே சாவி கொடுக்கும்போது, அந்த நிறுவனத்துக்கு நாளை என்ன ஆகும் என்பதும் நம் பாடாகிவிடுகிறது.

## வழி 3: இரண்டையும் ஓடவிடுவது

ஒன்று தவறவிட்டால் மற்றது பிடிக்கும் என்ற நம்பிக்கை இயல்பானது. நேரடிக் காவலில் அது நடப்பதில்லை. முதலாவது ஒரு கோப்பைச் சோதிக்கத் திறக்கிறது. அந்தத் திறப்பே இரண்டாவதுக்குச் சோதிக்க வேண்டிய நிகழ்வாகிறது. வைரஸ் ஒன்று உண்மையிலேயே வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்து இழுத்து, இருவராலும் நீக்க முடியாமல் போகலாம். ஒன்றின் அடையாளத் தொகுப்பு மற்றொன்றின் கண்ணுக்கு வைரஸ் போலத் தெரிவதும் உண்டு. ஏற்கெனவே சொன்ன மூன்று காவலர் மடிக்கணினியில், எவை எதைப் பார்க்கின்றன என்பதே யாருக்கும் தெரியாத நிலை இருந்தது. இதை எந்தச் சூழ்நிலைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது கருத்து வேண்டும் என்ற ஆசைக்கு நல்ல வழி வேறு இருக்கிறது: கேட்டால் மட்டும் ஸ்கேன் செய்யும் கருவி. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் அப்படிப்பட்டது. பதிவிறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், அடுத்த முறை புதிதாக இறக்க வேண்டும். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பும் கேட்டால்தான் ஸ்கேன் செய்யும், ஆனால் கட்டணப் பதிப்பின் சோதனைக் காலத்தில் நேரடிக் காவலும் ஓடும் என்பதைக் கவனியுங்கள். வெளித் தொகுப்பு வைத்திருப்பவர்கள், டிஃபென்டர் அவ்வப்போது மட்டும் ஸ்கேன் செய்யும் வசதியை விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் இயக்கலாம். 2016-லிருந்து இருக்கிறது, இது மோதுவதில்லை.

## வழி 4: விலக்குப் பட்டியல்

மென்பொருளை மாற்றாமல், தொல்லைப்படும் கோப்புறையை மட்டும் சோதிக்காதே என்று சொல்வது. வேகம் என்ற அளவுகோலில் இதைவிடப் பலன் தருவது எதுவுமில்லை. தரவுத்தளக் கோப்புகள், மெய்நிகர் கணினிகளின் பெரிய வட்டுக் கோப்புகள், நிரல் தொகுக்கும்போது உருவாகும் இடைநிலைக் கோப்புகள் ஆகியவற்றுக்கு இது சரியான மருந்து. சர்வர்களில் எவற்றை விலக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே பட்டியல் வெளியிட்டிருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு விலக்கும் ஒரு திறந்த ஜன்னல். நான் ஒரு சிறு நிரலைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். இயங்கு கோப்பு உருவாகும், இரண்டு நொடி இருக்கும், போய்விடும். மறுபடி தொகுத்தால் மறுபடி போகும். எரிச்சலில் என் வேலைகள் எல்லாம் இருக்கும் மேல்நிலைக் கோப்புறை முழுவதையும் விலக்கிவிட்டேன். தொல்லை தீர்ந்தது. சில மாதம் கழித்துத்தான் உறைத்தது: பிறர் எழுதிய நிரல் நூலகங்களை இணையத்திலிருந்து இறக்குவதும் அதே கோப்புறைக்குள்தான். எது சோதிக்கப்பட்டே ஆக வேண்டுமோ அதைத்தான் நான் விலக்கியிருந்தேன். இப்போது இயங்கு கோப்பு உருவாகும் ஒரு துணைக் கோப்புறை மட்டுமே பட்டியலில் இருக்கிறது. மற்றதெல்லாம் காவலுக்கு உள்ளே.

தாக்குபவர்களுக்கும் இந்த ஜன்னல் தெரியும். நிர்வாகி உரிமை கிடைத்தவுடன் தனக்கே ஒரு விலக்கை எழுதிக்கொள்ளும் தீநிரல்கள் பல உண்டு. டிஃபென்டரின் விலக்குப் பட்டியலைச் சாதாரணப் பயனாளர் கணக்கிலிருந்தே படிக்க முடிந்தது என்பது 2022 ஜனவரியில் பரவலாகப் பேசப்பட்டது. அதனால் தற்காலிகக் கோப்புறை, பதிவிறக்கக் கோப்புறை, பிரவுசர், பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவி ஆகியவற்றை ஒருபோதும் விலக்காதீர்கள். நிரலை விலக்குவதற்கும் கோப்புறையை விலக்குவதற்கும் வேறுபாடு உண்டு: டிஃபென்டரில் ஒரு நிரலை விலக்கினால், அந்த நிரல் திறக்கும் கோப்புகள் நேரடிக் காவலில் சோதிக்கப்படாது, நேரம் குறித்து நடக்கும் ஸ்கேனில் அவை சோதிக்கப்படும். மாலைக்குள் முடியும் நிரல் தொகுக்கும் வேலைக்கு நான் இந்த வகையையே விரும்புகிறேன்.

எதை விலக்குவது என்று ஊகிக்கவும் வேண்டாம். டிஃபென்டரில் செயல்திறன் பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது. அதை ஓடவிட்டு வழக்கமான வேலையைச் செய்தால், எந்தக் கோப்பும் எந்த நிரலும் சோதனை நேரத்தை அதிகம் தின்றன என்று வரிசையாகக் காட்டும். முதல் இரண்டை விலக்கினாலே பெரும்பாலும் போதும்.

## வழி 5: நிறுத்திவைப்பது

"நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தவும்" என்று ஒரு மென்பொருள் கேட்டால், நிறுத்த வேண்டியது அந்த நிறுவலைத்தான். நம்பகமான நிறுவனம் என்றால் அதன் டிஜிட்டல் கையொப்பத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பல ஆன்டிவைரஸ் எந்திரங்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டலில் ஏற்றுங்கள். அங்கே ஏற்றும் கோப்பு பிறருக்கும் கிடைக்கும் என்பதால் சொந்த ஆவணங்களை ஏற்றக் கூடாது.

நெட்வொர்க்கே இல்லாத கணினிக்குக் காவல் எதற்கு என்பார்கள். 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு தொடர்பில்லாத இடங்களுக்குப் பென்டிரைவ் வழியாகப் போய்ச் சேர்ந்தது. மோதலுக்குக் காரணம் எது என்று கண்டறிய ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்ப்பது நியாயம், அதுவும் இணைப்பைத் துண்டித்துவிட்டு. அதற்கு மேல் இந்த வழிக்கு இடமில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டிஃபென்டர் மட்டும் | வெளித் தொகுப்பு | இரண்டும் சேர்ந்து | விலக்குப் பட்டியல் | நிறுத்துவது |
|---|---|---|---|---|---|
| காவலற்ற நேரம் | மிகக் குறைவு | மாற்றும்போதும் சந்தா முடியும்போதும் | கணிக்க முடியாது | விலக்கிய இடத்தில் எப்போதும் | முழுவதும் |
| ஆழம் | குறைவு | உபரிகளைப் பொறுத்து அதிகம் | மிக அதிகம் | மாற்றமில்லை | இல்லை |
| சிறு கோப்பு வேலை | மெதுவு | நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் | மிக மெதுவு | வேகம் | வேகம் |
| தவறாகப் பிடித்ததை மீட்பது | எளிது | பெரும்பாலும் எளிது | எதில் இருக்கிறது என்றே குழப்பம் | தேவைப்படாது | தேவைப்படாது |
| வெளியேறுவது | தேவையில்லை | நீக்குக் கருவி வேண்டும் | கடினம் | ஒரு வரியை அழித்தால் போதும் | மறந்துபோவதே ஆபத்து |

அலுவலகக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு பெரும்பாலும் கையில் இருக்காது; தொழில்நுட்பப் பிரிவு முடிவெடுக்கும். அந்தப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தில், மென்பொருளின் பழைய பதிப்பிலேயே இருப்போம் என்று முன்யோசனையோடு வைத்திருந்த நிறுவனங்களும் விழுந்தன. அந்த அமைப்பு மென்பொருள் பதிப்புக்கு மட்டும் பொருந்தியது. அன்று வந்த, தாக்குதல்களை இனங்காணும் தகவல் மட்டும் கொண்ட உள்ளடக்க அப்டேட்டுக்குப் பொருந்தவில்லை. ஒப்பந்தம் போடும்போது "உள்ளடக்க அப்டேட்டையும் படிப்படியாக இறக்க முடியுமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## மாற்றுவது என்று முடிவானால்

வரிசை முக்கியம். முதலில் பேக்கப் எடுங்கள். பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். புதியதின் நிறுவல் கோப்பையும், பழைய நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து அதன் நீக்குக் கருவியையும் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்தக் கருவியை இலவசமாகத் தருகின்றன. வழக்கமான நீக்கம் டிரைவர்களை விட்டுச்செல்வது உண்டு என்பதால்தான் அது இருக்கிறது. குவாரண்டைனில் இருப்பவற்றில் உங்களுக்கு வேண்டியது ஏதேனும் உண்டா என்று பாருங்கள், நீக்கினால் அதுவும் போய்விடும். விலக்குப் பட்டியலை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வைஃபையை அணைத்துவிட்டுப் பழையதை நீக்குங்கள், நீக்குக் கருவியை ஓட்டுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த ஐந்து எழுத்துக் கட்டளையைத் தட்டிப் பழைய நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லை என்று உறுதிசெய்தபின் புதியதை நிறுவுங்கள், அல்லது டிஃபென்டர் தானாக எழுந்துவிட்டதா என்று விண்டோஸ் செக்யூரிட்டியில் பாருங்கள்.

கடைசியாக, வைஃபையை இயக்கி அப்டேட் முடிந்ததும், ஐகார் என்ற அமைப்பு தரும் சோதனைக் கோப்பை இறக்கிப் பாருங்கள். 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத கோப்பு. இதைக் கண்டால் வைரஸைக் கண்டது போல நடந்துகொள்ள வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. சேமித்த நொடியில் ஓர் எச்சரிக்கை வந்தால் காவல் விழித்திருக்கிறது. இரண்டு வெவ்வேறு எச்சரிக்கைகள் வந்தால் பழையது இன்னும் உள்ளே இருக்கிறது. நீக்குக் கருவியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.